வயோமிங் மாநிலமான கோடை

1890 மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து பேய்க்காற்று. தந்திக் கம்பி அறுந்து, மதியம்தான் சரியானது. சரக்கு ரயில் கார்டு எஸ்ரா டாலிவர், எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் ராலின்ஸ் ஸ்டேஷனில் என் தந்தி அறைக்கு வந்தான். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டான்.

“ஹல்டா, என்னைக் கட்டிக்கிறியா? ஓமாஹாவுல வீடு பாத்து வச்சிருக்கேன். ஆப்பிள் மரம்கூட இருக்கு.”

எனக்குச் சந்தோஷம்தான். என் கணவன் நில்ஸ் இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஆனால் வாயில் வந்தது வேறு.

“அங்க நான் ஓட்டுப் போட முடியுமா?”

“நெப்ராஸ்காவுல எந்தப் பொம்பளை ஓட்டுப் போடுறா?”

“இங்க வயோமிங்ல நான் போடுறேனே.”

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ரயில் ஊதிவிட்டது.

மார்ச் 4

ஓர் ஓட்டுக்காக நல்ல மனிதன் ஒருவனை வேண்டாம் என்பேனா? தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பக்கத்தில் சலவைக்கடை வைத்திருக்கும் டெல்ஃபீனிடம் சொன்னேன்.

“அடியே, இருபது வருஷமா இந்த ஊர்ப் பொம்பளைங்க ஓட்டுப் போடுறோம். நாடு பூரா வேற எங்க இருக்கு? இப்ப வாஷிங்டன் ஆட்சியில இருக்கிற நாம தனி மாநிலமாகணும்னு கேட்டா, அங்க பாதிப் பேரு பொம்பளை ஓட்டை ரத்து பண்ணிட்டு வான்றான். யூட்டாவுல மூணு வருஷம் முன்னாடி பறிச்சானுங்களே, அந்த மாதிரி.”

“பறிச்சுட்டா?”

“அப்புறம் என்ன, போய் ஆப்பிள் தின்னு!”

மார்ச் 26

வாஷிங்டன் கீழ்ச்சபையில் எங்கள் மாநில மசோதா தேறியது! 139-க்கு 127. பெண்கள் ஓட்டில் கை வைக்கவில்லை. தந்தியில் வந்ததை மூச்சை அடக்கிக்கொண்டுதான் எழுதியெடுத்தேன். நம் ஆண்கள் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லையாம். டெல்ஃபீன் ஈரக் கையோடு என்னைத் தூக்கிச் சுற்றினாள். இன்னும் மேல்சபை இருக்கிறது.

ஓமாஹாவிலிருக்கும் எஸ்ராவுக்குத் தந்தி அடித்தேன். பதில்: “மகிழ்ச்சி. மரம் மொட்டு விட்டிருக்கிறது.”

பிடிவாதக்காரன்.

மே 18

சண்டை. “உனக்கு நான் பெருசா, அந்த ஓட்டுப்பெட்டி பெருசா?” என்று கேட்டுவிட்டான். நான் திருப்பிக் கேட்டேன்: “எனக்காக உன் ஓட்டை நீ விடுவியா?” ரயிலேறிப் போய்விட்டான்.

ஏன் ரெண்டுல ஒண்ணுதான்னு நிக்கிறான்? நான் என்ன, வானத்தையா கேட்டேன்? போகட்டும் — ஐயோ, போயிடாம இருக்கணுமே.

ஜூன் 27

மேல்சபையிலும் தேறியது. இனி ஜனாதிபதியின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. எஸ்ரா ஐந்து வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

கையெழுத்தாகிவிட்டது! வயோமிங் மாநிலம்! பதினோரு வருடமாகத் தந்தி எடுக்கிறேன், ஒரு நாளும் எழுத்துக் கோணியதில்லை. இன்று என் எழுத்தை எனக்கே படிக்க முடியவில்லை. தாளோடு தெருவில் ஓடினேன். யார் யாரோ கட்டிப்பிடித்தார்கள். நின்றிருந்த எஞ்சின்கள் எல்லாம் ஊதின. கொல்லன் பட்டறைக்கல்லில் வெடிமருந்து வைத்துக் கொளுத்தினான். டெல்ஃபீன் சலவைத் தொட்டியைக் கவிழ்த்துத் தட்டிய தட்டில் அடி நெளிந்துவிட்டது.

நடுவில் சரக்கு ரயில் வந்து நின்றது. எஸ்ரா குதித்து ஓடிவந்தான்.

“எங்க தீ?”

“தீயுமில்ல ஒண்ணுமில்ல, மாநிலமாயிட்டோம்!”

தொப்பியைத் தூக்கி எறிந்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “ஏழு வாரமா மாத்தல் கேட்டு அலைஞ்சேன். கிடைச்சிருச்சு. இனி ராலின்ஸ்தான் என் ஊரு. ஓமாஹா வீட்டை வேணாம்னுட்டேன்.”

“ஆப்பிள் மரம்?”

“மரத்தையா கட்டிக்கப்போறேன்?”

அத்தனை பேர் முன்னால் அழுதேன். எல்லோரும் மாநிலத்துக்காக என்று நினைத்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 17

கல்யாணம். மழை. கேக் சரிந்துவிட்டது. அதைப்பற்றி யாருக்கும் கவலையில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

மாநிலத்தின் முதல் தேர்தல். டெல்ஃபீன், நான், பின்னால் எஸ்ரா. குமாஸ்தா அவனைப் பார்த்தார்.

“நீங்க இங்க வந்து எத்தனை நாளாச்சு?”

“ரெண்டு மாசம்.”

“ஒரு வருஷமாவது இருக்கணுங்க. வெளிய நில்லுங்க.”

நான் திரும்பி எஸ்ராவைப் பார்த்தேன். இது மாற்றல் கேட்கும்போதே அவனுக்குத் தெரியும் என்பது முகத்திலேயே தெரிந்தது. எங்கள் இரண்டு பேர் குடையையும் வாங்கிக்கொண்டு வாசலில் போய் நின்றான்.

போட்டுவிட்டு வந்தேன்.

“யாருக்குப் போட்ட?”

“சொல்ல மாட்டேன்.”

“புருஷன்கிட்டக்கூடவா?”

“அதுக்குத்தானே மூடின பெட்டி வச்சிருக்காங்க.”

வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தான்.