பதினொன்றாம் பிரிவின் ஓரத்தில்

மார்ச் 4, செவ்வாய்

எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் சிவப்புப் பேனாவைத் தேடினேன். கல்லூரியை விட்டு இரண்டு வருடமாகிறது. வாசலில் ‘மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்’ என்று பலகை தொங்குகிறது. ஆனாலும் கையில் தாள் கிடைத்தால் திருத்தாமல் இருக்க முடியவில்லை.

கல்லூரிகள் இணைப்பு மசோதா. முந்நூறு மாணவர்களுக்குக் குறைந்த கல்லூரியை மூடிப் பெரிய கல்லூரியோடு சேர்க்கலாம் என்கிறது ஏழாம் பிரிவு. ஆசிரியர் குழு சம்மதிக்காமல் சேர்க்கக் கூடாது என்கிறது பதினொன்று. “ஏழுடன் முரண். சரிசெய்க” என்று ஓரத்தில் எழுதினேன். கடைசிப் பக்கத்தில், பழக்கதோஷம், 32/100.

என் கணவர் டீயோடு எட்டிப் பார்த்தார். “யாரு, அமைச்சரா? பாஸாவது போட்டு விடேன்.”

மார்ச் 5

திருத்திய பிரதியையே கட்சிக் கொறடாவிடம் கொடுத்துத் தொலைத்திருக்கிறேன்! சுத்தமான பிரதி என் பையில். மானம் போயிற்று.

மார்ச் 10, திங்கள்

சட்டமன்ற வராந்தாவில் கொறடா சிரித்துக்கொண்டே வந்தார். “புரொஃபசரம்மா, அமைச்சருக்கு ஒரே குஷி. நீங்க காட்டின ஓட்டையை அடைச்சாச்சு. பதினொண்ணையே தூக்கிட்டோம். வெள்ளிக்கிழமை ஆதரிச்சு நீங்கதான் பேசறீங்க.”

தூக்கிவிட்டார்களா? சரிசெய்யத்தானே சொன்னேன்? எப்படிச் சரிசெய்வது என்று எழுதவில்லையே — மாணவி இப்படி எழுதியிருந்தால் கால் மார்க் குறைத்திருப்பேன்.

நான் பாடம் நடத்திய மாலைக் கல்லூரியில் இருநூற்று நாற்பது பேர். எல்லாரும் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். அந்த ஓட்டைதான் அவர்களுக்கு வாசல்.

மார்ச் 11

அங்கிருந்து துறைத்தலைவி பேசினாள். என் பழைய மாணவி, இப்போது என் நாற்காலியில். “பதினொண்ணு இருக்குன்னு தைரியமா இருந்தோம் மேடம். எந்தப் புண்ணியவான் அதைப் பார்த்துச் சொன்னான்?”

“விசாரிக்கிறேம்மா.”

விசாரிக்கிறேனாம். என்ன பிறவி நான்?

மார்ச் 12

பதினொன்றைத் திரும்பச் சேர்க்கக் கேட்டேன். கொறடா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அச்சாயிடுச்சும்மா. எதிர்த்து ஓட்டுப் போட்டா பதவி போயிடும். நீங்களே பாடம் எடுத்தவங்க, நான் சொல்லணுமா?”

எடுத்தேன்தான், பதினெட்டு வருடம். கட்சித் தாவல் தடைச் சட்டம் — பத்து மதிப்பெண் கேள்வி அது. பதில் இவ்வளவு கனம் என்று ஒருநாளும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் எதிர்த்தாலும் மசோதா நிறைவேறிவிடும். பிறகு எதற்கு? உள்ளே இருந்தால் பின்னால் ஏதாவது செய்யலாமே? — இப்படித்தானே எல்லாரும் சொல்லிக்கொள்கிறார்கள். ஒன்றும் புரியவில்லை.

மார்ச் 13

“பேச்சு எழுதிட்டியா?” என்றார் கணவர். தலையாட்டினேன். நாலு முறை கிழித்ததைச் சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

காலையில் கார் டிக்கியில் இரண்டு காலி அட்டைப்பெட்டிகளை வைத்தேன்.

“எதுக்கும்மா?” என்றார் டிரைவர்.

“ரூம்ல பழைய புத்தகம் கொஞ்சம் இருக்கு.”

சட்டமன்ற அறையில் என்னுடையது என்று இருப்பதெல்லாம் இரண்டு பெட்டியில் அடங்கும். கண்ணால் அளந்துவிட்டேன். கணவருக்கும் சொல்லவில்லை, துறைத்தலைவிக்கும் சொல்லவில்லை. பேச்சு ஒரு பக்கம்தான். ‘பதினொன்றாம் பிரிவின் ஓரத்தில் இருந்த சிவப்பு மை என்னுடையது’ என்று தொடங்குகிறது.