கண்ணாடியை முட்டின ஆடு

அடி மைனா,

நீயும் மாப்பிள்ளையும் அங்க சளி காய்ச்சல் இல்லாம இருக்கீங்களா, உன் நெஞ்சு இழுக்காம இருக்கா, அந்த நீல டப்பா மருந்து தீர்றதுக்கு முன்னாடியே இன்னொண்ணு வாங்கி வெச்சுக்கறியா. நான் இங்க நல்லா இருக்கேன். அப்படி எழுதவே கை கூசுது, நான் நல்லா இருக்கேங்கறதுதானே உனக்கு என் மேல கோபமே. போன் போட்டா நீ எடுக்கறதில்ல. மாப்பிள்ளைதான் எடுத்து அவ வேலையா இருக்கா, அப்புறம் கூப்பிடச் சொல்றேங்கறார், பாவம் அவருக்குப் பொய் சொல்லப் பழக்கம் இல்ல, பின்னாடி நீ இருமறது எனக்குக் கேக்குது. வாய் ஓயாம பேசறேன்னுதான் உங்கப்பா உனக்கு மைனான்னு பேர் வெச்சார். இந்த மைனா பேசலைன்னா எனக்கு எப்படிடி சோறு இறங்கும். அதான் எழுதறேன். அஞ்சாவதோட நின்னவ எழுத்து, தப்பு இருந்தா சிரிச்சுக்கோ, சிரிச்சேன்னா சந்தோஷம்தான்.

அன்னிக்கு நடந்ததை முதல்ல சொல்லிடறேன். உங்கப்பா போன நாள் வருதுன்னு எனக்குத் தெரியாம இல்ல, காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சதே நான்தான். காலையில எழுந்ததும் அவர் கடையில போடற வெள்ளைக் கோட்டைத் துவைச்சுக் கொடியில போட்டேன். காஞ்சதும் மடிச்சு எடுத்துக்கிட்டுப் போய் அந்த முடி வெட்டற நாற்காலிக்கு எதிர்ல கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருக்கணும், அவ்வளவுதான் நினைச்சிருந்தேன். அதுக்குள்ள டீக்கடைக்கு வலி வந்துடுச்சு. டீக்கடைன்னா என் பால் ஆடு, எப்பக் கேட்டாலும் பால் குடுக்குதுன்னு பக்கத்து பேக்கரிக்காரர் வெச்ச பேர். குட்டியோட ஒரு கால் மட்டும் வெளிய வந்து அப்படியே நின்னுடுச்சு, அது பல்லைக் கடிச்சுக்கிட்டு என்னையே பாக்குது. கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். நான் வர நேரமாகும்மா, நீங்களே கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு உள்ள விட்டு, மடங்கின காலை நேர் பண்ணி விடுங்கன்னாங்க. நானாம்மான்னேன். ஆடு உங்களுதுதானேன்னாங்க. விட்டேன். உள்ள அவ்வளவு சூடு. அந்தச் சூட்டுல ஒரு குட்டிக் குளம்பு என் விரலைத் தட்டிச்சு மைனா, அதுக்கப்புறம் எனக்கு உலகமே ஞாபகம் இல்ல. ஒண்ணு வந்துச்சு, மூக்கைத் துடைச்சு விட்டேன், என் மூஞ்சிலேயே தும்மிச்சு. இதோட சரின்னு நினைச்சா பின்னாடியே இன்னொண்ணு வழுக்கிக்கிட்டு வந்து விழுது. விழுந்த கையோட எழுந்து நிக்கப் பாத்துச்சு, நாலு காலும் நாலு திசைக்குப் போச்சு, குப்புற விழுந்துச்சு, யாரோ தள்ளி விட்ட மாதிரி என்னைத் திரும்பிப் பாத்து முறைச்சுச்சு. அந்த நேரம் பாத்துதான் உன் போன். சிரிப்பை அடக்க முடியாம எடுத்து ரெட்டைடி, ரெட்டைன்னு கத்தினேன்.  நீ, அம்மா இன்னைக்கு என்ன நாள்னு கேட்டே. நான் வெள்ளிக்கிழமைடின்னேன். வெச்சுட்டே. அப்புறம்தான் கொடியில தொங்கற கோட்டு என் கண்ணுல பட்டுச்சு. காலையில ஞாபகம் இருந்துச்சு, சத்தியமா இருந்துச்சு. எங்க போச்சு, எப்பப் போச்சுன்னு இப்ப வரைக்கும் தேடிக்கிட்டு இருக்கேன்.

கடைக் கண்ணாடி விஷயத்தை உங்க அத்தை உனக்குச் சொல்லிட்டான்னு எனக்குத் தெரியும். அவ சொன்னதுல பொய் இல்ல, ஆனா பாதிதான் சொல்லியிருப்பா, மீதியை நான் சொல்றேன். என்கிட்ட ஜட்ஜம்மான்னு ஒரு ஆடு இருக்கு, அது பாலுக்கு இல்ல, முடிக்கு. உடம்பெல்லாம் வெள்ளைச் சுருட்டை நீளமாத் தொங்கும், யார் பேசினாலும் தீர்ப்பு சொல்லப் போற மாதிரியே கேட்டுக்கிட்டு நிக்கும். அதுக்கு வருஷத்துல ரெண்டு தடவை முடி வெட்டணும். நான்தான் வெட்டினேன், உங்கப்பா கத்திரியில. இடது கையால தோலை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு வலது கையைப் படுக்க வெச்சு ஓட்டணும், அவர் வெட்டறதை அத்தனை வருஷம் டீயும் கையுமா நின்னு பாத்தவளுக்கு வேற யார் கத்துத் தரணும். தெருவுல போறவங்க எட்டிப் பாத்து, சலூன் திறந்துதான் இருக்கு, ஆள்தான் மாறிப் போச்சுன்னு கிண்டல் பண்ணிட்டுப் போனாங்க. வெட்டின மறுநாளே பேய் மழை. கொல்லைக் கொட்டகை ஒழுக ஆரம்பிச்சுடுச்சு. முடி வெட்டின புதுசுல அந்த ஜாதி ஆடு நனைஞ்சா பிழைக்காதுன்னு டாக்டரம்மா முன்னாடியே சொல்லியிருந்தாங்க. கொண்டு போய் விட எனக்குக் கடையை விட்டா வேற இடம் இல்ல. நாற்காலி மேல பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டேன், கத்தி கத்திரியெல்லாம் பெட்டியில வெச்சுப் பூட்டினேன், பாட்டிலெல்லாம் எடுத்துட்டேன். கண்ணாடியை மூடணும்னு மட்டும் எனக்குத் தோணல. ஆடு வளக்கறவங்க வீட்டுல ஆள் உசரத்துக்குக் கண்ணாடி இருக்காது, சலூன் வெச்சிருக்கறவங்க வீட்டுல ஆடு இருக்காது, ரெண்டும் சேர்ந்த வீடு நம்ம வீடு ஒண்ணுதான் போல. அது குதிச்சு நாற்காலி மேல ஏறி, முடி வெட்டிக்க வந்த ஆள் மாதிரி கண்ணாடியைப் பாத்திருக்கு. மொட்டையா ஒரு ஆடு எதிர்ல நிக்குது. தன்னையே அதுக்கு அடையாளம் தெரியல. ஒரே முட்டு. கீழ் மூலையிலேர்ந்து மேல வரைக்கும் விரிசல்.

அது உங்கப்பா கண்ணாடி மட்டும் இல்லன்னு எனக்குத் தெரியும்டி. நாற்காலிக் கை மேல பலகையைப் போட்டு உன்னை உக்கார வெச்சுத்தான் முடி வெட்டுவார், நீ கண்ணாடியில இருக்கற அவர்கிட்டயே பேசிக்கிட்டு இருப்பே, திரும்பாதடி காது போயிடும்னு அவரும் கண்ணாடியைப் பாத்தே சொல்லுவார். விரிசல் சரியா அவர் நிக்கற இடத்துல ஓடுது. உங்க அத்தை வந்து பாத்துட்டு, அண்ணன் நின்ன இடத்துல ஆட்டுப் புழுக்கையான்னா. நான் துடைப்பத்தை எடுத்துக் கூட்டினேன். அண்ணன் மூச்சு எப்ப நிக்கும்னு காத்திருந்து ஆடு வாங்கினீங்களா அண்ணின்னா.  காத்திருக்கலன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா ஆடு மேல ஆசை இல்லாம இருந்தீங்களான்னு அவ கேட்டிருந்தா நான் என்ன சொல்லுவேன்.

கல்யாணம் ஆன புதுசுல எங்கம்மா வீட்டுலேர்ந்து ஒரு குட்டியை மடியில வெச்சு பஸ்ஸுல கொண்டு வந்தேன், உனக்கே சொல்லியிருக்கேன். வீட்டுக்குள்ள வந்ததுமே அவருக்கு இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. நாள் முழுக்க மனுஷங்க முடியில நிக்கிறவர், அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது, ஆட்டு முடி ஒண்ணு பறந்தா போதும் மூச்சு முட்டும். மறுநாள் அவரே அதை சைக்கிள்ல வெச்சுக் கொண்டு போய் விட்டுட்டு வந்தார், வழியெல்லாம் இரைச்சுக்கிட்டே. வந்து எனக்கு எதிர்ல தரையில உக்காந்து, ஆட்டுக்குப் பதிலா என்னை வெச்சுக்கோ, கயிறு போட்டுக் கட்டு, தழை போடு, நானும் கத்தறேன்னார். கத்தவும் செஞ்சார். அதுலேர்ந்துதான் டீ வேணும்னா கடையிலேர்ந்து ம்மேன்னு சத்தம் குடுக்கறது, வாடிக்கைக்காரங்க எதிர்லேயே. நீயும் பின்னாடியே கத்துவே. அவர் போய்க் கொஞ்ச மாசம் வீட்டுல ஒரு சத்தம் இல்ல. அப்பத்தான் டீக்கடையை வாங்கினேன். வந்த முதல் நாள் காலையில அது கொல்லையில நின்னு ம்மேன்னுச்சு. நான் இதோ வரேங்கன்னு சொல்லிட்டு அடுப்பைப் பத்த வெச்சுட்டேன். டம்ளர்ல ஊத்தி ஆத்திக்கிட்டே கடைக்குப் போன அப்புறம்தான் யாருக்குக் கொண்டு வந்தேன்னு உறைச்சுது. அந்த டீயை அங்கேயே நின்னு நானே குடிச்சேன்.

உனக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லப் போறேன், இந்த ஆடுகளோட நான் ரொம்ப சந்தோஷமா இருக்கேன். காலையில டீக்கடை வயித்துல நெத்தியை வெச்சுக்கிட்டுக் கறக்கும்போது, வெறும் வாளியில பால் டங் டங்னு விழும், அப்புறம் நுரை ஏற ஏறச் சத்தம் அடங்கிப் போகும், எனக்குள்ளயும் என்னமோ அடங்கும். ஜட்ஜம்மா முடியை முதல் தடவை துணி துவைக்கற மாதிரி அடிச்சுத் துவைச்சுட்டேன், எல்லாம் ஒட்டிக்கிட்டு அட்டை மாதிரி ஆயிடுச்சு, இப்ப அதைத்தான் கால்மிதியாப் போட்டிருக்கேன். கசக்காம வெந்நீர்ல முக்கி மட்டும் எடுக்கணும், காயவெச்சு உதறினா அப்படியே பளபளன்னு மின்னும். இவ்வளவு அழகை ஒரு பிராணி முதுகுல சுமந்துக்கிட்டுத் திரியுதேன்னு இருக்கும்.  அவர் இருந்திருந்தா இது எனக்குக் கிடைச்சிருக்காது. அவர் இல்லாததாலதான் இது எனக்கு வந்துச்சு. சிரிக்கறப்பல்லாம் அவர் செத்த காசுல வாங்கித் தின்ன மாதிரி இருக்குடி. சிரிக்காம இருக்கவும் முடியல, அந்தக் குட்டிங்க அப்படித் துள்ளுது.

உனக்கும் உங்கப்பா நெஞ்சுதான். நீ லீவுக்கு வரேன்னு சொல்லியிருந்தே, ஆடு இருக்கற வீட்டுக்கு நான் எப்படிம்மா வருவேன்னு கேக்காமலே போனை வெச்சுட்டேங்கறதும் எனக்குத் தெரியும். அதனால வித்துடறேன்னு எழுதத்தான் இந்தப் பேப்பரை எடுத்தேன். எழுதிப் பாத்தேன், பேனா அந்த வார்த்தைக்கு வரமாட்டேங்குது. விக்க மாட்டேன் மைனா. நீ என்னை என்ன வேணா சொல்லிக்கோ. ஆனா பேக்கரிக்காரர்கிட்ட சந்து முனையில இருக்கற விறகுக் கொட்டகையைக் கேட்டேன், எடுத்துக்கோங்க அக்கா, வாடகைக்குப் பதிலா பால் குடுத்துடுங்கன்னார், எல்லாத்தையும் அங்க கொண்டு போய்ட்டேன். கடையையும் வீட்டையும் மூலை மூலையா வெந்நீர் விட்டுக் கழுவினேன், உன் மெத்தையைப் புதுசா மாத்தினேன், கொட்டகைக்குப் போறதுக்குத் தனிப் புடவை, அதை அங்கேயே மாட்டிட்டு அங்கேயே கை கால் கழுவிட்டுத்தான் வரேன். நீ இருக்கற வரைக்கும் தலைக்கும் தினம் குளிக்கறேன். கண்ணாடியை மட்டும் மாத்தல. புதுசு போடலாம்னு கடைக்காரன் அளவெடுக்க வந்தான், நான் அனுப்பிட்டேன். நீ வந்து பாத்துட்டுச் சொல்லு. திட்டணும்னா அது எதிர்ல நின்னு திட்டு, நான் கண்ணாடியிலயே கேட்டுக்கறேன்.

உடம்பைப் பாத்துக்கோ. வெறும் வயித்துல காப்பி குடிக்காதே. மாப்பிள்ளையை இனிமே எனக்காகப் பொய் சொல்ல வைக்காதே, அந்தப் புள்ளைக்குப் பாவம் சேர்க்காதே. நீங்க ரெண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாம, மூச்சுக்குத் திணறாம, நான் சிரிக்கறதை விட அதிகமாச் சிரிச்சுக்கிட்டு ரொம்ப காலம் நல்லா இருக்கணும். வர்ற தேதியை எழுத வேண்டாம், போன் பண்ணிச் சொல்லு, குரல் கேட்டா போதும்.

உன் குரலுக்குக் காத்துக்கிட்டு இருக்கற
உன் அம்மா

பேரெல்லாம் போட்ட பிறகு ஒண்ணு ஞாபகம் வருது. ஜட்ஜம்மா முடியில நானே திரிச்ச முதல் நூல் இருக்கு, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு உருண்டை, ஒரு பக்கம் தடிமன் ஒரு பக்கம் மெலிசு. உனக்கு அனுப்பணும்னு ஆசைதான், உன் நெஞ்சுக்கு ஆகாது. அவருக்காவது காட்டலாம்னு அவர் படத்துக்குப் பக்கத்துல வெச்சேன். வெச்ச உடனே பழக்கம் விடாம பதறிப் போய் எடுத்துட்டேன், ஓடிப் போய் ஜன்னலைக் கூடத் திறந்து விட்டேன். இப்ப அது கொட்டகையில ஆணியில தொங்குது. திரும்பக் கொண்டு வந்து ஒரு தடவை அவர்கிட்ட வைக்கணும்னு இருக்கு. நீ படிச்சவ, நீயே சொல்லு, இனிமே அவருக்கு மூச்சு முட்டாதுதானே?