கெட்டிலில் வெந்த நூடுல்ஸ்

இன்று கடலூரில் மளிகை வாங்கப் போன கடையில் அரிசி நூடுல்ஸ் பாக்கெட் ஒன்றைப் பார்த்தேன். கோதுமை கலக்காதது என்று முன்பக்கத்திலேயே பெரிதாகப் போட்டிருந்தது. வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்தால் போதுமாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு வழியை அடைத்து நின்றுவிட்டேன். "கொஞ்சம் நகருங்கம்மா" என்று பின்னால் யாரோ சொன்ன பிறகுதான் நகர்ந்தேன்.

சிதம்பரத்தில் நமக்கு ஒரே ஆபீஸ், லேடீஸ் ஹாஸ்டலில் ஒரே அறை. காடாம்புலியூரிலிருந்து வந்த புதிதில் நீ நன்றாகத்தான் இருந்தாய். பிறகு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. சுடிதார் தோளில் தங்காத அளவுக்கு இளைத்துப் போனாய். பாண்டிச்சேரி டாக்டர் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, கோதுமை, மைதா, ரவை எதையும் ஆயுசுக்கும் தொடக்கூடாது என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதாய்.

"சோத்தத் தின்னுட்டு இருந்துடுவேன்டி. ஆனா சனிக்கிழமை ஆனா நீ தள்ளுவண்டில நூடுல்ஸ் திம்ப, நான் பாத்துக்கினு நிக்கணுமா?"

அதற்காகத்தான் தேடினேன். கடலூர் வீட்டுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலைந்து கடை ஏறி இறங்கி, உலர்ந்த அரிசி சேவை பாக்கெட் கண்டுபிடித்தேன். வார்டனுக்குத் தெரியாமல் கெட்டிலில் வெந்நீர் வைத்து அதில் ஊறவிட்டு வடித்தேன். பொடியாக நறுக்கிய கோஸ், கேரட், மிளகுத்தூள், சோயா சாஸ். ஒரு வாய் தின்றுவிட்டு, "அப்படியே வண்டிக்கடை டேஸ்ட்டுடி!" என்று என் கன்னத்தைக் கிள்ளினாய். பிறகு வாரத்தில் மூன்று நாள் அதுதான்.

இரண்டு மாதத்தில் உன் வயிறு மறுபடி கெட்டது. பெருங்காயத்தில் மைதா கலக்கிறார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே, ஹாஸ்டல் சாம்பார் மேல் சந்தேகப்பட்டாய். சமையல்கார அக்காவிடம் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டாய்.

"ஒனக்குன்னு தனியா எடுத்து வெச்சிட்டுத்தான் கண்ணு பெருங்காயம் போடுறேன். சத்தியமா" என்று அக்கா அழுதார்கள்.

நீ நம்பவில்லை. ஹாஸ்டல் சாப்பாட்டை அடியோடு விட்டாய். "இனிமே நீ செஞ்சு குடுக்கறத மட்டுந்தான் திம்பேன்" என்றாய். தினமும் செய்துகொடுத்தேன். நீ இன்னும் மோசமானாய்.

ஒரு மாலை, சாஸ் பாட்டிலைத் துடைக்கும்போது லேபிளைப் படித்தேன். பொடி எழுத்தில், சோயாவுக்கு அடுத்ததாகக் கோதுமை. பாட்டிலைப் பையில் மறைத்து எடுத்துப் போய் பஸ் ஸ்டாண்ட் குப்பைத் தொட்டியில் போட்டேன். உன்னிடம், கடையில் சாஸ் தீர்ந்துவிட்டது என்றேன். மூன்று வாரத்தில் தேறிவிட்டாய்.

"பாத்தியாடி, அந்தம்மா சாம்பார விட்டதாலதான், லேட்டானாலும் சரியாயிடுச்சு" என்றாய். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு நீ அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தேன். உன் கல்யாணத்தன்று, நகைப்பெட்டியை என்னிடம் கொடுத்து, "ஒன்னத் தவுர யாரையும் நம்ப மாட்டேன்" என்றாயே, அன்றைக்கும் சொல்லவில்லை. போன மழைக்காலத்தில் நாலே நாள் காய்ச்சல், நீ போய்விட்டாய். அந்தச் சாஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொல்லாமலே எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

உன் காரியம் முடிந்த மறுவாரம் சிதம்பரம் போனேன். சமையல்கார அக்கா அதே ஹாஸ்டலில்தான் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அரிசி களைந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்கள். பிறகு கேட்டார்கள்:

"அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியாம்மா?"

"இல்லக்கா."

அக்கா பக்கத்தில் இருந்த முக்காலியை என் பக்கம் தள்ளினார்கள். உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே இருந்தேன். இன்னும் அப்படித்தான் இருக்கிறேன்.