முதுகைக் காட்டாமல் ஆடுவது எப்படி

தோங்யோங்,
மார்ச் 9

அன்புள்ள யோங்-ரான் அக்கா,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாராவது உங்கள் தீவுக்குப் படகேறி வந்து சொல்லிவிடுவார்கள். நான் டோப்பா வைத்திருக்கிறேன். முடி கொட்டுகிற வயசு, வேறென்ன!

புசானில் லைன் டான்ஸ் ஆசிரியைகளுக்கு இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை நடந்தது. கடைசியில் தேர்வு. ஆளுக்கொரு பாட்டுக்கு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். நான் ஒரு அரைச் சுற்றுச் சுற்றினேன். தலை சுற்றி வந்தது. டோப்பா வரவில்லை. பின்னந்தலை முடி மூக்கின்மேல் விழ, அது பழைய சுவரையே பார்த்துக்கொண்டு நின்றது. முன்வரிசையில் ஒருத்தி, "டீச்சர், நீங்க வர்றீங்களா, போறீங்களா?" என்றாள். கூடமே சிரித்து உருண்டது.

சிரித்தீர்களா? கைபேசியில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். தபால்காரரை எப்படித் தடுப்பீர்கள் என்று பார்க்கிறேன்.

பயிற்சி கொடுத்தவள் சியோலிலிருந்து வந்தவள், அகப்பைக்காம்பு மாதிரி உடம்பு. "வகுப்புக்கு முதுகக் காட்டி ஆடறவ டீச்சர் இல்ல, கைகாட்டிப் பலகை! முன்வரிசை நல்லா ஆடுதுன்னு மயங்காதீங்க. சுவர் மாறி எதிர்ப்பக்கம் திரும்பினா கடைசி வரிசைதான் முதல் வரிசை. அவங்க மூஞ்சியப் பாத்து ஆடுங்க!" என்று கத்தினாள். முகம் பார்த்து நின்றால் நாம் வலது காலை வைத்துக்கொண்டு வாயால் "இடது" என்று சொல்ல வேண்டுமாம். மனசில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இதெல்லாம் ஒரு வித்தையா? சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள், தங்க ஓரம் போட்டது. குளிர்பெட்டிக்கு மேல் மாட்டியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு நடக்கிறது. முன்னால் உங்கள் இடத்தில் யாரும் நிற்பதில்லை. எப்போது வருகிறீர்கள்?

உங்கள் வாயாடித் தங்கை,
மல்-ஹீ


யோக்ஜி தீவு,
மார்ச் 20

மல்-ஹீ,

டோப்பாவுக்குச் சிரித்தேன். பட்டறைக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

முகம் பார்த்து ஆடக் கற்றுக்கொண்டாயா? சந்தோஷம். நான் அது தெரியாமலே இவ்வளவு காலம் வகுப்பு நடத்திவிட்டேன். போன அக்டோபரில் சூ-பூன் அம்மா வகுப்பில் விழுந்து இறந்தபோது என் முதுகுதான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது இடது குழப்புகிறார் என்று அவரைக் கடைசி வரிசையில் போட்டதும் நான்தான். பாட்டுச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. சுவர் மாறியதும் எல்லோரும் திரும்பினார்கள். கடைசி வரிசை முதல் வரிசையானது, முன்னால் நின்ற நான் எல்லோருக்கும் பின்னால் போனேன். அவர் கிடப்பதை அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் பிறகு பார்த்தவள் அவருடைய டீச்சர்.

இங்கே என் அக்கா வீட்டில் சர்க்கரைவள்ளிக் கிழங்கை முளைக்கப் போட்டிருக்கிறோம். கிழங்குக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. எனக்கு அது போதும்.

இனி எழுதாதே.

யோங்-ரான்


தோங்யோங்,
ஏப்ரல் 17

அன்புள்ள அக்கா,

எழுதாதே என்று எழுத ஒரு தபால்தலையைச் செலவழித்தீர்களே, அந்தப் பிரியத்தை நான் மறக்கமாட்டேன்.

பட்டறைக்காரி சொன்னதை அப்படியே கொட்டியது என் புத்தி கெட்ட வேலை. கையில் பேனா கிடைத்தால் எனக்கு வாய் இரண்டாகிவிடுகிறது. மன்னித்துவிடுங்கள்.

வகுப்பு வம்பைக் கேளுங்கள். எல்லாம் புது ஆட்கள். சட்டை நிறத்துக்கு நம் ஆட்கள் அடித்துக்கொண்டார்களே, அந்தச் சண்டை தீர்ந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி, வெளிர்நீலக் கோடு போட்ட தொளதொளச் சட்டை. துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள்! ஜாங் அம்மாள் என்று ஒரு பழைய தலைமையாசிரியை. தானே தப்பாக ஆடிவிட்டு பக்கத்தில் நிற்பவளைத் திட்டுவாள். கூ அம்மாள் ஒரு ஒல்லி ஜோடியைப் பிடித்துக்கொண்டேதான் ஆடுவாள். ஜாங் அம்மாள் விடுவாளா?

"ஏண்டி, ஜோடி இல்லாம ஆடறதுக்குப் பேர்தாண்டி லைன் டான்ஸ்!"

"இவன விட்டா நான் விழுந்துடுவேன் டீச்சரம்மா. என் வீட்டுக்காரன் மாதிரியா, குடிச்சிட்டு வந்து அடிக்கிறானா? இழுத்த பக்கம் வர்றான்."

யாராவது களைத்து உட்கார்ந்தால் எல்லோரும் உட்கார்ந்துவிடுவோம். அதுதான் எங்கள் ஒரே விதி.

ஆனால் நான் நல்ல டீச்சர் இல்லை, அக்கா. எனக்கு மூச்சு வாங்குகிறது. நீங்கள் வர வேண்டும். கோடைக்குள் வாருங்கள். அதற்கப்புறம் என்றால் என்னால் உறுதி சொல்ல முடியாது.

உங்கள்
மல்-ஹீ


யோக்ஜி தீவு,
மே 12

மல்-ஹீ,

செவ்வாய்க்கிழமை வந்தேன். ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த படகில் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தேன்.

கூடம் பூட்டியிருந்தது. உள்ளே மீன்வலைகள் குவிந்து கிடந்தன. நான் படியிறங்கும்போது கீழே கருவாட்டுக் கடை வாசலில் சூ-பூன் அம்மாவின் மகன் நின்றுகொண்டிருந்தார். ஓட இடமில்லை.

"டீச்சரா? வகுப்பத்தான் நவம்பர்லயே மூடிட்டாங்களே. மல்-ஹீ அம்மாவும் புசான் ஆஸ்பத்திரியில இருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா? வயித்துல கட்டியாம். தொறந்து பாத்துட்டு அப்படியே தெச்சுட்டாங்களாம்."

அவரே தொடர்ந்தார்.

"உங்களப் பாத்தா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அம்மா விழுந்ததும் பாட்ட நிறுத்துனீங்களா?"

"இல்ல. யாருக்கும் தோணல. முடியற வரைக்கும் ஓடிச்சு."

அவர் ஒரு நெத்திலிப் பொட்டலத்துக்கு ரொம்ப நேரம் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "அவங்களுக்குப் பிடிச்ச பாட்டா?" என்றார். ஆமாம் என்றேன். மன்னித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

நீ எழுதிய வகுப்பு எங்கே? நீலச் சட்டை எங்கே? இந்த நிலைமையிலும் என்னிடம் விளையாட்டா? எவ்வளவு கோபம் என்றால், படகில் அழக்கூட முடியவில்லை.

எந்த ஆஸ்பத்திரி, எந்த மாடி என்று எழுது. எழுதாவிட்டால் புசானில் ஒவ்வொன்றாக ஏறி இறங்குவேன்.

யோங்-ரான்


புசான்,
மே 19

அன்புள்ள அக்கா,

மாட்டிக்கொண்டேன். உங்கள் கடிதங்களை இங்கே கொண்டுவருவதும் என் கடிதங்களை தோங்யோங்கில் கொண்டுபோய்ப் போடுவதும் என் வீட்டுக்காரர்தான். அவரைத் திட்டாதீர்கள். முப்பது வருஷத்தில் நான் சொன்னபடி அவர் செய்த ஒரே வேலை அது.

ஆனால் வகுப்பு பொய் இல்லை. விலாசம் உறைக்குப் பின்னால் இருக்கிறது. ஆறாம் மாடி வராந்தா, எங்கள் அறைக்கு வெளியே. வெளிர்நீலக் கோடு போட்டது ஆஸ்பத்திரிச் சட்டை. கூ அம்மாளின் ஒல்லி ஜோடி, மருந்து பாட்டில் தொங்கும் சக்கரக் கம்பி. போன வாரம் அந்த ஜோடியை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜாங் அம்மாள் அன்றைக்கு யாரையும் திட்டவில்லை. முடி கொட்டியது வயசால் இல்லை, மருந்தால். பட்டறைக்கும் டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் போனேன்.

உங்களைத் திரும்ப ஆடவைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். வியாதியைச் சொல்லியிருந்தால் பாவம் பார்த்து வந்திருப்பீர்கள். அதில் எனக்கென்ன பெருமை?

இப்போது பாவம் பார்த்தே வாருங்கள். மதியத்துக்கு மேல் விடுவார்கள். சிப்பி வேண்டாம். கிழங்கு கொண்டுவந்தால் நான் முகர்ந்து பார்க்கிறேன், என் வீட்டுக்காரர் சாப்பிடட்டும். எனக்கு இனி நிற்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து இடது வலது சொல்கிறேன். நீங்கள் ஆடிக் காட்டுங்கள். எந்தப் பக்கம் பார்த்து வேண்டுமானாலும் நில்லுங்கள். கடைசி வரிசையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை,
மல்-ஹீ

பி.கு.: குளிர்பெட்டிக்கு மேல் சான்றிதழ் ஒன்றும் தொங்கவில்லை. தேர்வில் டோப்பா கோணிக்கொண்டதும் வகுப்புக்கு முதுகைக் காட்டிவிட்டேன். பாட்டு முடியும்வரை திரும்பவே இல்லை. பின்னால் யார் ஆடினார்கள், யார் நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது.