தாய்வழி

பழவேற்காடு,
மாசி, புதன்கிழமை.

அன்பு மகள் ஜோதிலட்சுமிக்கு அம்மா எழுதுவது. இங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம். நீ ஆமை ஆராய்ச்சி செய்யும் தீவில் சிக்னல் கிடைக்காது என்பதால், வனத்துறை அனுப்பும் பார்சலோடு இதையும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இந்த வருஷமும் முட்டையிட வரும் பங்குனி ஆமைகள் மாசியிலேயே செத்து ஒதுங்குகின்றன. நீ காட்டித் தந்தபடி, வனத்துறை வாட்சர் சின்னப்பொண்ணுவோடு போய், ஆமையின் துடுப்புக்கால் ஓரத்தில் துளித் தோல் வெட்டி ஸ்பிரிட் பாட்டிலில் போட்டோம். மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னாள். எனக்கு நாற்றம் தெரியவில்லை. இப்போதெல்லாம் எதுவும் தெரிவதில்லை. பாட்டில்கள் இதே பார்சலில் வருகின்றன. அத்திப்பட்டுப் பக்கம் ஒதுங்கியவற்றுக்குத் தனிக் குறி போட்டிருக்கிறது, கலந்துவிடாதே.

பரத் விஷயம். தீபாவளிப் புயலில் உன் தம்பியின் படகு கவிழ்ந்தபோது நீ வந்து, கரையில் காத்திருந்து, ஒன்றும் கிடைக்காமல் திரும்பினாய். நீ போன பிறகு ஆந்திரா பக்கம் ஓர் உடல் ஒதுங்கியது. எலும்புதான் மிச்சம். அது பரத்தா என்று பார்க்க, பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி என் ரத்தத்தை எடுத்தார்கள். போன வாரம் முடிவு வந்தது. அவன்தான். அடக்கம் செய்துவிட்டோம். உனக்காக வைத்திருக்க முடியவில்லை.

உன் நைனா நம்பவில்லை. "அது நம்ம புள்ள இல்ல. என் ரத்தத்த இன்னாத்துக்கு எடுக்கல?" என்று ஆஸ்பத்திரியில் கத்தினார். இந்தச் சோதனைக்குத் தாயுடையதே போதும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும், நீ ஆமையைப் பற்றி எனக்குச் சொன்னதை அவருக்குச் சொன்னேன். தாயிடமிருந்து குஞ்சுக்கு அப்படியே இறங்குவது ஒன்று உண்டு. அதை வைத்து எந்தக் கரைக் கூட்டம் என்று கண்டுபிடிப்பீர்கள். எல்லாம் ஒரே வழியாகிவிட்டால் ஒரு நோயே எல்லாவற்றையும் கொண்டுபோகும். பல வழிகள் பிழைத்திருக்கத்தான் பல கரைகளைக் காக்கவேண்டும். மனிதருக்கும் தாய்வழி அப்படித்தான், எலும்பிலும் அது மிஞ்சியிருக்கும் என்றேன்.

 "அப்போ அவங்கிட்ட என்னுது ஒண்ணுமே இல்லியா?" என்று கேட்டார்.

மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதிலிருந்து அவர் வலையைத் தொடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

நீ கிளம்பி வரவேண்டாம். வேலையை முடி. அடுத்த கப்பலில் அவர் பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. தகப்பன் பிள்ளைக்கு என்னென்ன தருகிறான் என்று எழுது. ஆறுதலுக்காக எழுதாதே, உன் படிப்பில் உள்ளதையே எழுது. பெரிய எழுத்தாக இருக்கட்டும், அவரே எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும்.

நீ நீண்ட ஆயுளோடு இருக்கவேண்டும் மகளே. நீ எங்கள் இரண்டு பேருக்கும் பிள்ளை.

உன் அம்மா,
ஞானம்மா