உள்பக்கத் தாழ்ப்பாள்

8 ஜூலை 2025, செவ்வாய் (ஆனி 24)

காலை 6.40 முதல் தூறல். 9.15க்கு நின்றது. கூடத்துச் சுவரில் ஈரக்கறை மேலும் இரு விரற்கடை வளர்ந்திருக்கிறது. பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதினேன். இடிக்கப்போகிற வீட்டின் கறையை எதற்கு அளக்கிறீர்கள் என்று என் மனைவி சரோஜா (இனி ச.) கேட்டாள்.

ஃபேரர் பார்க்கில் அப்பா வாங்கிய ஈரடுக்கு வரிசை வீடு இது. படுக்கையறைகள் எல்லாம் மேலே. ஜனவரி 19 அன்று ச. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவளால் படி ஏற இயலாது. கூடத்தில் கட்டில், சுற்றி நீலத் திரை. பிப்ரவரியில் ஒரு முறை கேட்டாள்: "நடுவுல பலகை அடிச்சு ஒரு கதவு போட்டுக் குடுங்க, போதும்." இடிக்கப்போகிற வீட்டுக்கு வீண்செலவு வேண்டாம் என்றேன். புது வீட்டில் கீழ்த்தளத்தில் அவளுக்குத் தனியறை. பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி. அறையோடு ஒட்டிய குளியலறை. நிலைப்படி எங்கும் இல்லை. வரைபடம் பதினோராம் திருத்தத்தில் இருக்கிறது.

கான்ட்ராக்டர்கள், இதுவரை:

1. செராங்கூன் சாலைக் கடைக்காரர் சொன்னவர். வருவதாகச் சொல்லி இருமுறை வரவில்லை (ஜூன் 3, ஜூன் 10). நீக்கம்.
2. ஜூரோங்கில் பட்டறை வைத்திருப்பவர். காலணியோடு மாடி ஏறினார். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்டார். நீக்கம்.
3. டான். ஐம்பது வயதிருக்கும். சொன்ன நேரத்துக்கு மூன்று நிமிடம் முன்பே வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். பேச்சு குறைவு. இவரே.

டானோடு வந்த மேற்பார்வையாளர் செல்வம், அறந்தாங்கிக்காரர், இங்கே பதினான்கு ஆண்டு. வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அய்யா, எல்லாம் இருக்கு. அம்மா எங்க உக்காந்து காய் நறுக்குவாங்க?" என்றார்.

அதற்கு இடமில்லை. பன்னிரண்டாம் திருத்தம் தேவை.

15 ஜூலை, செவ்வாய் (ஆனி 31)

வெயில். வங்கிக்கு 10.30க்குச் சென்றோம். மகன் பிரகாஷ் (இனி பி.) செங்காங்கிலிருந்து அரை நாள் விடுப்பில் வந்தான், பதினோரு நிமிடம் தாமதம். கடன் அவன் பெயரிலும் என் பெயரிலும் சேர்ந்தே. என் ஓய்வுக்கால வருமானத்துக்குத் தனியே எவரும் தரமாட்டார்கள். இருவர் வயதையும் சேர்த்துப் பார்த்துத் தவணை ஆண்டுகளை முடிவு செய்கிறார்களாம்.

அதிகாரி கவிதா, நம்மவர், சிறு பெண். "அங்கிள், லெட்டர் ரெடி. உங்க பெர்த்டேக்கு முன்னாடி சைன் பண்ணிடுங்க, ஓகேவா? வயசு ஒண்ணு கூடிட்டா வருஷம் குறைஞ்சிடும். மாசாமாசம் கட்டுறது ஏறிடும்."

பி.: "இப்பவே போட்டுடுங்கப்பா. பேனா இருக்கு லா."

செவ்வாய்க்கிழமை என்றேன். நாளை ஆனிக் கடைசி, தேய்பிறை. நாளை மறுநாள் ஆடி பிறக்கிறது. பி. கூரையைப் பார்த்தான். கவிதா சிரித்தார்: "எங்க வீட்லயும் இப்படித்தான் அங்கிள்."

வீட்டுக்கு வந்து பஞ்சாங்கம் பார்த்து முடிவு செய்தேன்: ஆகஸ்ட் 28, வியாழன், ஆவணி 12. சதுர்த்திக்கு மறுநாள், வளர்பிறை. என் பிறந்தநாள் அக்டோபர் 3. இடைவெளி 36 நாள். தாராளம். ஆகஸ்ட் இறுதிவரை ஆட்களை வேறு வேலைக்கு ஒப்புக்கொடுக்காமல் வைத்திருப்பதாக டானும் சொன்னார்.

ச.வுக்குப் பிடிக்கவில்லை. "கையெழுத்துதானே போடப் போறீங்க? கடக்காலா எடுக்கப் போறீங்க?"

ஆடியில் எதையும் தொடங்குவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை என்றேன்.

"உங்க குடும்பத்துல யாரு கூடத்துல படுத்துக் கிடந்தா?"

26 ஜூலை, சனி (ஆடி 10)

புழுக்கம். குளிர்பதனப் பெட்டி பழுதுபார்க்க ஆள் வந்தார். 2 மணி என்றார்கள், வந்தது 1.25. ச. உறங்கிக்கொண்டிருந்தாள். மின்விசிறிக் காற்றில் திரை விலகிக் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் சமையலறைக்குப் போகும் வழி கட்டிலை ஒட்டித்தான். அவள் கண் விழித்தபோது அந்நியர் ஒருவர் கருவிப் பெட்டியோடு நின்றிருந்தார். "சாரி ஆன்ட்டி, சாரி."

அவர் போன பிறகு: "எம்ஆர்டி ஸ்டேஷன்ல படுத்திருக்கிற மாதிரி இருக்குங்க."

இன்னும் 33 நாள் என்றேன்.

"நீங்க எண்ணுங்க. நான் படுத்திருக்கேன்."

காய் நறுக்கும் மேடையை வரைபடத்தில் சேர்த்தேன். சன்னலோரம், முழங்கால் நுழைய இடம் விட்டு. அவளிடம் காட்டவில்லை. இன்று காட்டும் நாளல்ல.

11 ஆகஸ்ட், திங்கள் (ஆடி 26)

இடியோடு மழை, காலை 5 முதல். தேசிய தினக் கொடியை எதிர்வீட்டார் நனையவிட்டிருக்கிறார்கள்.

பல் மருத்துவரிடமிருந்து பிறந்தநாள் வாழ்த்துக் குறுஞ்செய்தி. பிறகு பேரங்காடியிலிருந்து ஒன்று. ஆண்டுதோறும் இதே தவறு. பள்ளியில் சேர்க்கும்போது அப்பா தோராயமாகச் சொல்லிவிட்ட தேதி அடையாள அட்டையில் (ஐசி) ஏறி, அட்டையிலிருந்து உலகெங்கும் பரவிவிட்டது. நான் பிறந்தது புரட்டாசி 17. அம்மா குறித்துவைத்த தாள் என்னிடம் இருக்கிறது. இந்த வீட்டில் ஆகஸ்டில் யாரும் யாருக்கும் பாயசம் வைத்ததில்லை. இரண்டு செய்திகளையும் அழித்தேன்.

ச.வின் வலதுகால் சற்று வீங்கியிருக்கிறது. மருத்துவரிடம் புதன் 11.10.

28 ஆகஸ்ட், வியாழன் (ஆவணி 12)

மேகமூட்டம். 9.50க்கு வங்கி வாசல். வெள்ளைச் சட்டை. நல்ல பேனா. பி. இம்முறை எனக்கு முன்பே வந்திருந்தான்.

கவிதா கோப்பைத் திறந்தார். கணினித் திரையைப் பார்த்தார். என் அட்டையைப் பார்த்தார். மறுபடி திரை.

"அங்கிள், பெர்த்டே ஆகஸ்ட் லெவன்தானே? முடிஞ்சிருச்சே?"

அது உண்மையான தேதி இல்லை என்றேன். அக்டோபர் 3 என்றேன். அம்மா எழுதிய தாள் பற்றியும் சொன்னேன். அவர் மிகப் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமையை என்னால் தாங்க முடியவில்லை.

"ஐசில இருக்கிறதுதான் அங்கிள் எங்களுக்கு."

புதிதாகக் கணக்கிட்டார். ஆண்டுகள் குறைந்தன, தவணை ஏறியது, பி.யின் சம்பளத்துக்கு அனுமதிக்கும் எல்லையைத் தாண்டிவிட்டது. மேலதிகாரியிடம் எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்தார். வரும்போதே முகத்தில் தெரிந்தது.

ஜூரோங் கப்பல் பட்டறையில் முப்பத்தொரு ஆண்டு நேரப் பதிவாளர் நான். ஒரு நிமிடம் பிந்திய அட்டைக்கும் சிவப்பு மையில் குறியிட்டவன். அந்த 31 ஆண்டுச் சம்பளச் சீட்டிலும் ஆகஸ்ட் 11 என்றுதான் இருந்தது. வங்கி எந்தத் தேதியைப் பார்க்கும் என்று ஒரு முறையும் நினைத்துப் பார்க்கவில்லை. இந்த மாதம் 11ஆம் தேதி கைபேசியில் வந்து நின்ற நாளை என் கட்டைவிரலாலேயே அழித்தேன்.

பி. வாசலில்: "ஜூலைலயே பேனா குடுத்தேன்ல ப்பா." அவ்வளவுதான் சொன்னான். கத்தியிருக்கலாம்.

ச.விடம் 12.40க்குச் சொன்னேன். கோபிக்கவில்லை. திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள். வளையங்கள் கம்பியில் உரசும் சத்தம்.

31 ஆகஸ்ட், ஞாயிறு (ஆவணி 15)

டான் வேறொரு வீட்டு வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்ன நாள்வரை காத்திருந்தார்.

பி. வந்தான். வீட்டை விற்றுவிட்டுச் செங்காங்கில் அவன் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்திலேயே, லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நிற்கிற வீடாக ஒன்று பார்க்கலாம் என்கிறான். தவறான யோசனை இல்லை. அதனால்தான் கோபம் வந்தது.

"அப்பா வாங்கின வீடுடா."

"உங்க அப்பா குடுத்த தேதியாலதான் இப்போ..." நிறுத்திக்கொண்டான்.

வரைபடங்களைச் சுருட்டி அலமாரிமேல் வைத்தேன். மொத்தம் பதினான்கு.

6 செப்டம்பர், சனி (ஆவணி 21)

மழை இல்லை. ஆறு நாளாக எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ச. யாரோடோ தொலைபேசியில் மலாயில் பேசிக்கொண்டிருந்தாள். சிரித்தாள். ஜனவரிக்குப் பிறகு கேட்காத சிரிப்பு. யார் என்றேன்.

"உங்க டான்."

மேசைமேல் நான் விட்டிருந்த அவருடைய அட்டையிலிருந்து எண்ணை எடுத்திருக்கிறாள். கூடத்துக்குக் குறுக்கே ஒரு பலகைச் சுவர், ஒரு கதவு. அடுத்த சனிக்கிழமை செல்வத்தை அனுப்புகிறார். அரை நாள் வேலையாம்.

என்னைக் கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டேன். பிப்ரவரியில."

13 செப்டம்பர், சனி (ஆவணி 28)

நாள் பார்க்கவில்லை. தேய்பிறை, சனிக்கிழமை. செல்வமும் இன்னொருவரும் வந்து இறங்கியது 9.20, ராகு காலத்தின் நடுவில். நிறுவனத்தின் ரசீதோடு வந்திருந்தார்கள். அதை மட்டும் சரிபார்த்தேன்.

11 மணிக்குள் சட்டம் நின்றுவிட்டது. 12.15க்குப் பலகை. வெள்ளைக் கதவு, அகலம் அவள் பிடித்து நடக்கும் நடைச்சட்டம் நுழைகிற அளவு. செல்வம் என்னைக் கேட்காமலே அளந்து வைத்திருந்தார். நீலத் திரையைக் கழற்றி மடித்தேன். ஈரக்கறையில் நான் போட்ட பென்சில் கோடுகள் இப்போது அவள் அறைக்குள்.

"தாழ்ப்பா எந்தப் பக்கம் வைக்கிறது?" செல்வம் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

வெளிப்பக்கம் என்றேன். உள்ளே விழுந்துவிட்டால் யார் திறப்பது?

"உள்பக்கம்," என்றாள் ச.

"விழுந்தா?"

"விழுந்தா கூப்பிடுறேன். விழாதப்ப மூடிக்கிறேன்."

செல்வம் திருகாணியை வாயில் கவ்விக்கொண்டு குனிந்துவிட்டார். சிரிப்பை மறைத்திருக்க வேண்டும். உள்பக்கமே வைத்தார். போகும்போது மெதுவாக, "எதாச்சும்னா வெளியிலேருந்து கழட்ற மாதிரிதான் கீல் போட்டிருக்கேன்யா. அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றார்.

மணி 2.20. ச. உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. எட்டு மாதத்தில் முதல் முறையாக இந்த வீட்டில் அவள் மூச்சு எனக்குக் கேட்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கையில் வேலை எதுவும் இல்லை. 4.05க்குத் திறந்தாள். தலை வாரியிருந்தாள்.

29 செப்டம்பர், திங்கள் (புரட்டாசி 13)

தூறல். வீட்டு முகவர் வந்தார், பி. அனுப்பியவர். மேலே எல்லா அறைகளையும் படமெடுத்தார். ச.வின் கதவைத் திறக்கப் போனார். தட்டிவிட்டு நிற்கச் சொன்னேன். நின்றார். இந்தப் பலகைச் சுவரை விற்பதற்கு முன் எடுத்துவிடலாம் என்று ஆலோசனை சொன்னார். குறித்துக்கொண்டேன். எடுக்கப் போவதில்லை.

3 அக்டோபர், வெள்ளி (புரட்டாசி 17)

மழை விட்டுவிட்டது, 6.30. குளித்து விபூதி இட்டாயிற்று. எழுபது. கைபேசியில் ஒரு வாழ்த்தும் இல்லை, இருக்காது.

ச.வின் கதவு மூடியிருந்தது. தட்டினேன்.

உள்ளிருந்து: "யாரு?"

நான்தான் என்றேன். இன்று பிறந்தநாள் என்றேன்.

கட்டில் கிரீச்சிட்டது. பிறகு: "நல்லாப் பாத்துட்டீங்களா? இன்னிக்குத்தானா?"

இன்றுதான் என்றேன். நடைச்சட்டத்தின் நான்கு கால்களும் தரையில் நகர்கிற சத்தம். மெதுவாக வருகிறாள். மணி 7.14. நின்றுகொண்டே எழுதுகிறேன்.