பதில் வசனம்

புரட்டாசி, செவ்வாய் இரவு

ஒன்பதாம் வகுப்புக்கு இன்று நாடகம் எழுதச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு பேருக்கு ஒரு தாள். ஒருவர் வசனம் எழுத, மற்றவர் அதற்குப் பதில் வசனம் எழுத வேண்டும். வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதுங்கள், சண்டை இல்லாமல் நாடகம் இல்லை என்று நானேதான் சொன்னேன்.

கதிரையும் செல்வியையும் ஒன்றாக உட்காரவைத்தது என் புத்தி. கதிர் வீட்டு வயல் வாய்க்காலின் தலைப்பில், செல்வி வீட்டு வயல் கடைமடையில். தண்ணீருக்காக இரண்டு விவசாயிகள் பேசிக்கொள்ளும் காட்சியை எடுத்துக்கொண்டார்கள்; வசனம் செல்வி, பதில் கதிர்.

மணி அடித்ததும் கதிர் தாளை மடித்துப் பையில் வைத்தான். “பதில் வசனத்த அப்பாகிட்ட கேட்டு எழுதிட்டு வர்றேன் மிஸ்.”

எந்த வீட்டுப்பாடத்தையும் வீட்டில் கேட்டு எழுதிவரச் சொல்பவள் நான். தாளைப் பார்க்காமலே சரி என்றேன்.

பிறகு செல்வி தனியாக வந்து நின்றாள்.

“அந்தத் தாள வாங்கிக் குடுங்க மிஸ். எங்க வயலுக்குத் தண்ணி முறை அன்னிக்கு மடைய அடைச்சது கதிரோட அப்பாதான்னு பேரோட எழுதிட்டேன். எங்க வீட்ல அப்படித்தான் பேசிக்கிறாங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருந்தாரு.”

வாசலுக்கு ஓடினேன். கதிர் ஏறும் கூத்தாநல்லூர் பஸ் போய்விட்டிருந்தது.

அவன் அப்பாவின் நம்பர் என்னிடம் இருக்கிறது. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். அந்தத் தாளைப் படிக்காதீங்க என்று சொன்னால் முதலில் அதைத்தான் படிப்பார்.

ஏற்கெனவே படித்திருந்தால், பதில் வசனம் கதிருடையதாக இருக்காது.